இசைநிறை: வீடற்றவளின் பாட்டும் விமர்சகரின் காதும்

இலக்கியக் கூட்டம் ஒன்று முடிந்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். நண்பர் ஒருவரின் கைபேசியில் கிறிஸ்டல் வாட்டர்ஸின் 'ஜிப்ஸி வுமன்' ஓடியது. 1991-இல் வந்த பாட்டு. நான் ஆர்வமாகி அதைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும், எங்கள் வட்டத்தில் அதிகம் படித்தவரும் போராட்டம் என்றால் முதலில் போய் நிற்பவருமான இன்னொருவர், "விடுங்க தோழர், இது டிஸ்கோ சரக்கு. ஆடறதுக்குப் போட்டது. இதுல என்னத்த வாசிக்கப் போறீங்க?" என்று பேச்சை முடித்துவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அந்தப் பாட்டு வந்த புதிதில் அமெரிக்காவில் அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். சந்தை சார்ந்த கேலியும் சந்தைக்கு எதிரான இடதுசாரிக் கறாரும் எப்படி ஒரே வாக்கியத்தில் வந்து சேர்கின்றன? இந்தக் கேள்விதான் என்னை எழுதவைக்கிறது.

முதலில் பாட்டு. பால்டிமோரில் 'பேஸ்மென்ட் பாய்ஸ்' என்ற பெயரில் மூன்று பேர் ஹவுஸ் இசைத்தட்டுகள் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து 60 கிலோமீட்டர் போல இருக்கும் வாஷிங்டனில், நகர பரோல் வாரியத்தின் கணினிப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் கிறிஸ்டல் வாட்டர்ஸ். ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் படித்தவர், பதின்வயதிலிருந்தே கவிதை எழுதியவர், முழுநேரப் பாடகி அல்லர். நீல் கான்வேயும் அவரும் சேர்ந்து எழுதிய இந்தப் பாட்டு அல்ட்ரா நாட்டே என்கிற வேறொரு பாடகிக்காக உருவானது. மாதிரிப் பதிவில் இருந்த வாட்டர்ஸின் குரலே பிடித்துப்போக, அவரையே பாடவைத்தார்கள். ஒரு ஆர்கன் மெட்டு திரும்பத் திரும்ப வருகிறது. நிமிடத்துக்கு 120 அடி என்கிற அளவில் தாளம். மேலே, கொஞ்சம் மூக்கால் பாடுகிற, எந்த உணர்ச்சியையும் தூக்கிக் காட்டாத ஒரு பெண்குரல். பிரிட்டனில் இரண்டாம் இடம், அமெரிக்கப் பொதுப்பட்டியலில் எட்டாம் இடம், நடனக்கூடப் பட்டியலில் முதலிடம். இப்போதும் எங்காவது ஒரு கூடத்தில் அந்த ஆர்கன் மெட்டு ஆரம்பித்தால் நாலு பேர் எழுந்து ஆடுவார்கள்.

பாட்டு யாரைப் பற்றியது என்பதை வாட்டர்ஸ் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வாஷிங்டனின் மேஃப்ளவர் ஹோட்டல் முன்னால் ஒரு பெண் நின்று பக்திப் பாடல்கள் பாடிக் காசு கேட்பாள். கறுப்பு உடை, முகத்தில் முழு ஒப்பனை. இவ்வளவு அலங்காரத்தோடு இவளுக்கு எதற்குப் பிச்சை என்றுதான் வாட்டர்ஸ் முதலில் நினைத்திருக்கிறார். கடை ஒன்றில் பார்த்துவந்த வேலை போய்த் தெருவுக்கு வந்தவள் அவள், நாலு பேரிடம் கை நீட்டுவதென்றால் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும் என்று நினைத்தவள் என்பது பிறகு தெரியவருகிறது. வீடற்றவர் என்றால் யார் என்று தன் மனதில் இருந்த படம் அங்கே உடைந்தது என்கிறார் வாட்டர்ஸ். பாட்டு அந்த உடைசலிலிருந்து தொடங்குகிறது: காலையில் சீக்கிரம் எழுந்து தலைவாரிக்கொள்ளும் ஒரு பெண்ணிலிருந்து.

இந்த இடத்தில் அந்த நகரத்தின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ரீகன் பதவியேற்ற 1981-இல் அமெரிக்க மைய அரசு வீட்டுவசதிக்கு ஒதுக்க அனுமதிக்கப்பட்ட தொகை 3,200 கோடி டாலர் அளவில் இருந்தது. அவர் பதவிக்காலம் முடிவதற்குள் அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. நகர மையங்களில் இருந்த மலிவு வாடகை ஒற்றையறைக் கட்டடங்கள் இடிக்கப்பட்டுக்கொண்டிருந்த காலமும் அதுதான். 1984 ஜனவரியில் ரீகனே தொலைக்காட்சியில் தோன்றி, தெருவில் படுத்திருப்பவர்களில் சிலர் அதைத் தாமே விரும்பித் தேர்ந்துகொண்டவர்கள் என்கிற மாதிரி பேசினார். அதே வருடம் மிட்ச் ஸ்னைடர் என்கிற செயல்பாட்டாளர் 51 நாள் உண்ணாவிரதம் இருந்து, நாடாளுமன்றத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த அரசுக் கட்டடம் ஒன்றை வீடற்றோர் தங்குமிடமாக்க அரசைச் சம்மதிக்க வைத்தார். இரவு ஒதுங்க இடம் கேட்பது உரிமை என்று வாஷிங்டன் வாக்காளர்கள் பெரும்பான்மையாக வாக்களித்ததும் 1984-இல்தான். ஆனால் 1990-இல் நகரமன்றம் அந்த உரிமையை வெட்டிச் சுருக்கியது. அந்த ஜூலையில் ஸ்னைடர் தற்கொலை செய்துகொண்டார். நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் மக்களே மயிரிழை வித்தியாசத்தில் மன்றத்தின் பக்கம் நின்றார்கள். ஆறே வருடத்தில் ஒரு நகரத்துக்கு இரக்கம் அலுத்துப்போயிற்று. 'ஜிப்ஸி வுமன்' வந்தது அதற்கு அடுத்த வருடம்.

இதே நகரம், இதே விஷயம், இன்னொரு பாட்டு. பிரிட்டிஷ் பாடகர் ஃபில் காலின்ஸ் பனி கொட்டும் நாளொன்றில் வாஷிங்டன் விமான நிலையத்திலிருந்து காரில் வருகிறார். நாடாளுமன்றக் கட்டடத்தின் நிழலில் நடைபாதையோரம் அட்டைப்பெட்டிகள் கிடக்கின்றன. என்ன என்று கேட்டால், வீடில்லாதவர்கள் என்கிறார்கள். அந்த அதிர்ச்சியில் எழுதியது என்று அவர் சொன்ன 'அனதர் டே இன் பாரடைஸ்' 1989-இல் வெளியாகி அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. 1990-இல் பிரிட்டனில் சிறந்த தனிப்பாடலுக்கான பரிசு, 1991 பிப்ரவரியில் அமெரிக்காவின் கிராமி விருதுகளில் 'வருடத்தின் சிறந்த பதிவு'. மெதுவான பாட்டு. ஒரு பெண் தெருவில் போகிற மனிதனை உதவிக்கு அழைக்கிறாள், அவன் காதில் விழாததுபோல் தெருவைக் கடக்கிறான். சமூக அக்கறை என்பது எல்லோருக்கும் உடனே விளங்கிவிடுகிறது, ஏனென்றால் பாட்டே நம்மை நிறுத்தி வைத்து, கொஞ்சம் யோசியுங்கள் என்கிறது.

காலின்ஸ் மேல் சேற்றை வாரிப் பூச எனக்கு ஆசையில்லை. அவர் கச்சேரிகளில் வீடற்றோருக்காக நிதி திரட்டியவர். செயல் இல்லாமல் பாட்டு மட்டும் எழுதினால் அது துயரத்தைக் கருப்பொருளாக்கிச் சுரண்டுவதுதான் என்று பின்னாளில் பாடகர் பில்லி பிராக் அவரைச் சாடியது கொஞ்சம் அதிகம் என்றே நினைக்கிறேன். என் பிரச்சினை வேறு. காலின்ஸின் பாட்டில் அந்தப் பெண் கை நீட்டும் கணத்தில்தான் பிறக்கிறாள். அதற்கு முன்னால் அவளுக்கு ஒரு காலைப்பொழுது இல்லை, பழக்கமில்லை, வைராக்கியமில்லை. நம் மனசாட்சிக்கு முன்னால் வந்து நின்று, நம் மனசாட்சியைச் சோதித்துவிட்டுப் போய்விடுகிறாள். வாட்டர்ஸின் பாட்டிலோ கை நீட்டுவதற்கு முன்னாலேயே ஒரு பெண் இருக்கிறாள். கண்ணாடி பார்த்து, முடி வாரி, முகத்துக்குப் பூசி, வேலைக்குக் கிளம்புகிறவள்போல் கிளம்புகிறாள். அவள் உன்னையும் என்னையும் போலத்தான் என்று பாட்டு சொல்லும்போது அது உபதேசமாக இல்லை. அவளை நாம் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். ஒன்று காருக்குள்ளிருந்து பார்த்தது, இன்னொன்று நடைபாதையில் எதிரே வந்தபோது பார்த்தது. மாதச் சம்பளம் நின்றால் இரண்டே மாதத்தில் தானும் அங்கே நிற்கலாம் என்று தெரிந்த ஒருத்தியின் பார்வை என்று வாட்டர்ஸினுடையதைச் சொல்லலாம்.

முதல் பாட்டுக்குப் பரிசு கிடைத்த அதே 1991-இல் இரண்டாவதற்குக் கிடைத்தது என்ன? ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 'இன் லிவிங் கலர்' என்ற நையாண்டித் தொடர் வந்துகொண்டிருந்தது. அதில் கிம் வேயன்ஸ் கிறிஸ்டல் வாட்டர்ஸாக வேடமிட்டு, இதே மெட்டில், என் பாட்டுகளுக்கு மூளையே கிடையாது என்ற பொருளில் ஒரு பாட்டுப் பாடினார். விமர்சகர்கள் எல்லாரும் திட்டினார்கள் என்று சொல்ல மாட்டேன். பாராட்டியவர்கள் உண்டு, பொருளைப் பிடித்துக்கொண்டவர்களும் உண்டு. ஆனால் பெரும்பாலோர் நினைவில் தங்கியது இந்தக் கேலிதான்: பொருளில்லாத அசைகளைச் சேர்த்துக்கட்டிய, மண்டையை விட்டுப் போக மறுக்கிற ஒரு தொல்லைப் பாட்டு. கேட்பவர்களுக்கு விஷயம் போய்ச்சேரவில்லை என்பதால்தான் பாட்டின் தலைப்போடு அடைப்புக்குறிக்குள் 'அவள் வீடற்றவள்' என்று சேர்க்க நேர்ந்தது என்று வாட்டர்ஸே சொல்லியிருக்கிறார். பல்லவியில் மறுபடி மறுபடி வருகிற சொல் அது. ஒரு பாட்டுக்கு அதன் பல்லவியையே உரையாக எழுதி மாட்ட வேண்டியிருந்தது என்றால் கோளாறு பாட்டில் இருக்க முடியாது.

கேலிக்குள்ளான அந்த அசைகளைக் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இங்கே ஒரு சௌகரியம் இருக்கிறது. தொல்காப்பிய இடையியலில் பொருளுக்காக வராமல் ஓசையை நிரப்ப வரும் சொல்லுக்கு 'இசைநிறை' என்று பெயர் உண்டு. பொருளில்லை என்று இலக்கணம் அதைத் தூக்கி எறியவில்லை. அது என்ன வேலை செய்கிறது என்று பார்த்துப் பெயர் வைத்தது. இந்தப் பாட்டின் இசைநிறை செய்கிற வேலை என்ன? பல்லவியின் அமைப்பைப் பாருங்கள்: அவள் வீடற்றவள் என்று சொல்லி, அங்கே காசுக்காகப் பாடிக்கொண்டு நிற்கிறாள் என்று சொல்லி, அதை ஒட்டியே அந்த அசைகள் வருகின்றன. அதாவது அவை கிறிஸ்டல் வாட்டர்ஸின் சொற்கள் அல்ல. ஹோட்டல் வாசலில் நிற்கிற பெண்ணின் பாட்டு அவை. வாட்டர்ஸ் மேற்கோள் காட்டுகிறார், அவ்வளவுதான். நடந்துபோகிறவர்களின் காதில் தெருப்பாடகியின் பாட்டு எப்படி விழும்? வார்த்தையாக விழாது. வெறும் ஓசையாக, கடந்துபோகும்போது தேய்ந்துவிடும் முனகலாகத்தான் விழும். நடைபாதையில் அவளைக் கேட்காமல் போனவர்கள் வானொலியிலும் அவளைக் கேட்கவில்லை. பாட்டைப் புத்தியில்லாதது என்று சிரித்தபோது அவர்கள் சிரித்தது, பாட்டுக்குள் இருந்த ஒரே ஒரு இடத்தில் அந்தப் பெண் தன் வாயைத் திறந்தபோது!

இந்தக் காது ஒரே நாளில் உண்டானதல்ல. 1979 ஜூலை 12, சிகாகோவின் காமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானம். டிஸ்கோ இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்தால் 98 சென்ட்டுக்கு நுழைவு என்று அறிவித்து, குவிந்த தட்டுகளை ஸ்டீவ் டால் என்கிற வானொலி அறிவிப்பாளர் இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே வெடி வைத்துத் தகர்த்தார். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்து இரண்டாவது ஆட்டமே நடக்காமல் போயிற்று. அன்றைக்கு அங்கே இருக்கை காட்டும் வேலையில் இருந்த வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர், மக்கள் கொண்டுவந்து கொடுத்தவை டிஸ்கோ தட்டுகள் மட்டுமல்ல, கறுப்பர்கள் பாடிய எந்தத் தட்டாக இருந்தாலும் வந்து விழுந்தது என்று பிற்பாடு சொன்னார். வெறுக்கப்பட்டது தாளமா, அந்தத் தாளத்துக்கு ஆடிய உடல்களா? அதே சிகாகோவில் 'வேர்ஹவுஸ்' என்கிற கிடங்குக் கூடத்தில் 1977 முதல் ஃபிராங்கி நக்கிள்ஸ் தட்டுகளைச் சுழற்றிக்கொண்டிருந்தார். அங்கே ஆடியவர்களில் பெரும்பகுதி கறுப்பின, லத்தீன் தற்பாலின ஆண்கள். அந்தக் கிடங்கின் பெயரில் பாதிதான் 'ஹவுஸ்' ஆயிற்று என்பார்கள். இருக்கை காட்டிய லாரன்ஸ் 1984-இல் ஜெஸ்ஸி சாண்டர்ஸோடு சேர்ந்து வெளியிட்ட 'ஆன் அண்ட் ஆன்' முதல் ஹவுஸ் இசைத்தட்டாகக் குறிப்பிடப்படுகிறது. வெடிவைத்துத் தகர்த்ததிலிருந்து பொறுக்கியெடுத்துக் கட்டிய வீடு என்று அந்த இசையைச் சொன்னால் மிகையில்லை.

நிறுவனங்களும் தம் பங்கைச் செய்தன. கிராமி விருதுக்காரர்கள் 1980-இல் ஒரே ஒரு தடவை 'சிறந்த டிஸ்கோ பதிவு' என்று ஒரு பரிசு கொடுத்தார்கள். குளோரியா கேனருக்குக் கிடைத்தது. அடுத்த வருடமே அந்தப் பிரிவைத் தூக்கிவிட்டார்கள். நடனப் பதிவுக்கென்று மறுபடி ஒரு பரிசு முளைத்தது 1998-இல். ஹவுஸ் பிறந்து வளர்ந்து உலகமெல்லாம் பரவிய காலம் முழுக்க அதற்கு அங்கே நாற்காலி இல்லை. ஆக, 1991-இல் காலின்ஸ் பாட்டையும் வாட்டர்ஸ் பாட்டையும் யாரும் பக்கத்தில் வைத்து எடைபோட்டுப் பார்த்ததே இல்லை. ஒன்று 'பாட்டு', மற்றது 'ஆட்டம்'. தராசு தனித்தனி.

வெள்ளை ராக் ரசனைதான் குற்றவாளி என்று முடித்துவிட்டால் வேலை சுலபம். ஆனால் 'இன் லிவிங் கலர்' கறுப்பினக் கலைஞர்கள் உருவாக்கிய நிகழ்ச்சி. கேலி உள்ளிருந்தும் வந்தது. இங்கே குரலின் பிரச்சினை வருகிறது. ஹவுஸில் பாடும் கறுப்பினப் பெண்ணிடம் எதிர்பார்க்கப்படுவது லோலியட்டா ஹாலோவே, மார்த்தா வாஷ் போல, தேவாலயத்திலிருந்து கிளம்பி வந்து கூரையைப் பிளக்கிற ஓலம். அதற்குத்தான் 'ஆன்மா' என்று பெயர். வாட்டர்ஸ் ஓலமிடவில்லை. கோப்பில் இருப்பதைப் படிக்கிறவர்போல் பாடுகிறார். பரோல் வாரிய அலுவலகத்தில் உட்கார்ந்து மனித வாழ்க்கைகளைத் தகவல்களாகக் கணினியில் ஏற்றிய ஒருவருக்கு இந்தத் தொனி எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க எனக்கு உரிமை உண்டா தெரியவில்லை, ஊகிக்கிறேன். அழுதால் ஆன்மா உண்டு, அழாவிட்டால் மூளை இல்லை. கறுப்பினப் பெண்ணுக்கு விமர்சனம் விட்டுவைத்த இரண்டு இடங்கள் இவை.

வாட்டர்ஸின் குடும்பத்திலேயே இதற்கு ஒரு முன்கதை உண்டு. இவருடைய பாட்டியின் தலைமுறையைச் சேர்ந்த உறவுக்காரர் எத்தல் வாட்டர்ஸ். 1933-இல் 'ஆஸ் தவுசண்ட்ஸ் சியர்' என்கிற பிராட்வே கேளிக்கைத் தொகுப்பில், நகைச்சுவைத் துணுக்குகளுக்கு நடுவே, 'சப்பர் டைம்' என்ற பாட்டை அவர் பாடினார். இர்விங் பெர்லின் எழுதியது. வெறிக் கும்பலால் கொல்லப்பட்ட கறுப்பின மனிதன் ஒருவனின் மனைவி, இனி வராத அவனுக்காக இரவுச் சாப்பாட்டு மேசையைத் தயார் செய்ய முடியாமல் நிற்கிறாள். சிரிக்க டிக்கெட் வாங்கி வந்தவர்கள் அதைக் கேட்டார்கள். கேளிக்கைக்கு உள்ளே வைத்துத்தான் சில விஷயங்களைச் சொல்ல முடிகிறது, ஏனென்றால் அது கேட்கப்பட வேண்டியவர்கள் வேறெங்கும் வருவதில்லை.

இனி நம்ம பக்கம். டீக்கடையில் என் வாயை அடைத்த தோழருக்குப் பின்னால் நிற்பவர் அடோர்னோ. 1941-இல் வெகுஜன இசை பற்றி எழுதிய கட்டுரையில் அவர், தாளத்துக்குக் கீழ்ப்படிந்து கேட்கிற வகையினர் என்று ஒரு கூட்டத்தைப் பிரித்துக் காட்டுகிறார். அடிக்குத் தலையாட்டுகிறவன் அதிகாரத்துக்கும் தலையாட்டப் பழகுகிறான். இதை மட்டும் நாம் இறுகப் பிடித்துக்கொண்டோம். அதே கட்டுரையில் அவர் இரண்டாவது வகையையும் சொல்கிறார்: உணர்ச்சிவசப்பட்டுக் கேட்பவர்கள். அழ அனுமதி கேட்டு இசையிடம் வருகிறவர்கள். அழுது முடித்த ஆறுதலில், தம்மை அழவைத்த ஏற்பாட்டோடு சமாதானமாகிவிடுகிறவர்கள். அடோர்னோவை முழுசாகப் படித்தால் கூண்டில் முதலில் ஏறவேண்டியது காலின்ஸின் ரசிகர்கள்தான்! மெதுவாகப் பாடினால் சிந்தனை, வேகமாகப் பாடினால் மயக்கம் என்று அவர் எங்கேயும் எழுதவில்லை. அது நாம் சேர்த்துக்கொண்டது.

1979-இல், மைதானத்தில் தட்டுகள் வெடித்த அதே வருடம், பிரிட்டனின் 'கே லெஃப்ட்' பத்திரிகையில் ரிச்சர்ட் டயர் டிஸ்கோவுக்கு ஆதரவாக ஒரு கட்டுரை எழுதினார். சோஷலிஸ்டுகள் நாட்டுப்புறப் பாட்டையும் ராக்கையும் 'நம்முடையது' என்று எடுத்துக்கொண்டு டிஸ்கோவை முதலாளித்துவக் குப்பை என்று ஒதுக்குவதை அவர் கேள்வி கேட்டார். எல்லாமே அதே கம்பெனிகள் தயாரித்ததுதானே. ஒன்று எப்படித் தயாரானது என்பதை வைத்து, மக்கள் அதை என்னவாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதைத் தீர்மானித்துவிட முடியாது. டிஸ்கோ உடம்பு முழுவதையும் இன்பத்துக்குத் திறக்கிறது, அன்றாடத்தின் கறாரிலிருந்து வேறொரு வாழ்வின் ருசியைக் காட்டுகிறது என்றார். 'ஜிப்ஸி வுமன்' விஷயத்தில் டயரை இன்னும் ஒரு அடி தள்ளிக்கொண்டு போகலாம். இந்தப் பாட்டு அன்றாடத்திலிருந்து தப்பிக்க விடுவதில்லை. ஆடிக்கொண்டிருக்கும்போதே, உடம்பு நிறுத்த முடியாத வேகத்தில் இருக்கும்போதே, தெருவைக் கொண்டுவந்து நடனத்தளத்தில் நிறுத்துகிறது. பரிதாபப்பட நேரம் தருவதில்லை. எழுந்துபோய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு நல்லவனாகத் திரும்பி வருகிற வசதி அங்கே கிடையாது. கால் ஆடுகிறது, வாய் அவள் பாட்டையே முணுமுணுக்கிறது.

இவ்வளவு ஆதரித்துப் பேசுகிறவன் பாட்டின் தலைப்பை மட்டும் விட்டுவிட முடியாது. 'ஜிப்ஸி' என்பது ரோமா மக்கள்மேல் மற்றவர்கள் ஒட்டிய பெயர். ஐரோப்பா முழுக்க வசையாகப் புழங்கிய பெயர். தெருவில் நிற்கிற பெண் என்றதும் அந்தச் சொல் கைக்கு வந்தது சோம்பல்தான். 1961-இல் இம்ப்ரெஷன்ஸ் குழுவுக்குக் கர்டிஸ் மேஃபீல்ட் எழுதிய பாட்டுக்கும் இதே தலைப்பு உண்டு, அதில் தீயைச் சுற்றி ஆடும் மோகினி. அந்தக் கனவுப்பெண்ணின் பெயரைக் கடைவேலை போன பெண்ணுக்கு வைத்ததில் ஒரு எதிர்முரண் இருக்கிறது என்று யாராவது வாதிடலாம். எனக்கு அது போதவில்லை.

2006-இல் ராப் பாடகர் டி.ஐ. தன் 'வை யூ வான்னா' பாட்டுக்கு இந்த மெட்டை எடுத்துக்கொண்டார். ஒருவனுடைய காதலியை இன்னொருவன் கேட்கிற பாட்டு. ஆர்கன் வந்தது, ஹோட்டல் வாசல் வரவில்லை. அடைப்புக்குறிக்குள் ஒதுங்கியிருந்த சொல் அங்கிருந்தும் காலி செய்யப்பட்டது. மேஃப்ளவர் ஹோட்டல் கனெக்டிகட் அவென்யூவில் அதே இடத்தில்தான் இருக்கிறது. பொது இடத்தில் படுத்து உறங்குவதற்கு நகரங்கள் தண்டனை விதிக்கலாம் என்று 2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஆகஸ்டில் வாஷிங்டன் தெருக்களிலிருந்து வீடற்றோரின் கூடாரங்கள் மைய அரசின் உத்தரவில் வாரி அள்ளப்பட்டன. அந்த வாரக் கடைசியிலும் அதே நகரத்தின் ஏதோ ஒரு நடனக்கூடத்தில் இந்தப் பாட்டைப் போட்டிருப்பார்கள், எல்லாரும் சேர்ந்து அந்த அசைகளைப் பாடியிருப்பார்கள்.